பி.டி. சாரிடம் கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை மேட்ச், ட்ராக்கில் ஆணி, ஏற்காட்டு ஓட்டம்

(சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கே: என் வீட்டுக்காரரும் கல்லூரியில் பிசிக்கல் டைரக்டர்தான். விடியற்காலையில் போனால் ராத்திரிதான் வருகிறார். ஞாயிற்றுக்கிழமையும் மேட்ச் என்று கிளம்பிவிடுகிறார். பையன் அப்பாவைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
– வாசகி, ஆத்தூர்

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் சாக்குச் சொல்லவில்லை, இந்த வேலை அப்படித்தான். மற்ற ஆசிரியர்களுக்கு மணி அடித்தால் வேலை முடியும். எங்களுக்கு மணி அடித்த பிறகுதான் பிள்ளைகள் கிரவுண்டுக்கே வருவார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியைச் சனி, ஞாயிறில் வைத்தால்தான் வகுப்பு போகாது, மைதானம் காலியாக இருக்கும், நடுவர்களும் கிடைப்பார்கள், ஏனென்றால் அவர்களும் எங்கேயோ ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ வேலை பார்க்கிறவர்கள்தான்.

என் வாரம் திங்கட்கிழமை காலை மைதானத்தை மார்க்கரோடு (மைதானத்தைப் பராமரித்துக் கோடு போடும் ஊழியர்) ஒரு சுற்று நடப்பதில் ஆரம்பிக்கும். ஞாயிறு போட்டியில் வாலிபால் நெட்டின் கம்பி தொய்ந்திருக்கும், கோல் போஸ்ட் அசையும், குழாயில் யாராவது கைப்பிடியைத் திருகி உடைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வோம். அப்புறம் செவ்வாய், புதனில் பயிற்சியும் காகிதமும் பாதிப் பாதி. ஓ.டி. பட்டியல் (போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வகுப்பு வருகைச் சலுகை), பஸ்ஸுக்குக் கடிதம், டி.ஏ. என்கிற பயணப்படிக் கணக்கு, போட்டி நாளில் இன்டர்னல் தேர்வு இருக்கிற பிள்ளைக்கு வேறு தேதி வாங்கித் தரச் சொல்லித் துறைத் தலைவர்களிடம் போய் நிற்பது, இப்படியே போகும். இந்தக் காகிதக் கட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரும் பழக்கம் எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு உண்டு. முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். மதியம் கிரவுண்டில் வெயில் கொளுத்தும்போது ஆபீசில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை அது.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு மேல் நான் கிரவுண்டில் இருக்க மாட்டேன். இது முதல்வருக்குத் தெரியும், மார்க்கருக்குத் தெரியும், முதல் வருடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றைக்கு அணித் தலைவர்கள் பயிற்சியை நடத்துவார்கள், அதனால் அவர்களுக்கும் பொறுப்பு வருகிறது. நான் வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு மாத்திரை வாங்குவேன், மளிகை வாங்குவேன், மனைவியும் மகளும் நானும் கடைவீதிப் பக்கம் போய்த் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வருவோம். விசேஷமாக ஒன்றும் இல்லை, ஆனால் வியாழக்கிழமை என்றால் அப்பா வந்துவிடுவார் என்று ஒரு குழந்தைக்கு நிச்சயமாகத் தெரிவது பெரிய விஷயம். வாரத்துக்கு மூன்று நாள் சீக்கிரம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்து எதுவும் நடக்காமல் போவதைவிட, ஒரே ஒரு சாயங்காலம் மாறாமல் இருந்தால் போதும்.

ஆடி மாதம்தான் கஷ்டம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள், மேட்டூரில் ஆடிப்பெருக்கு என்று மாமியார் வீட்டில் எதிர்பார்ப்பார்கள், அதே சமயத்தில்தான் கல்லூரியில் அணித் தேர்வும் நடக்கும். இதற்கு எங்கள் வீட்டில் கண்ட வழி, போட்டி அட்டவணை கைக்கு வந்த அன்றே சமையலறைக் காலண்டரில் குறித்துவிடுவது. எந்தக் கல்யாணத்துக்கு இருவரும் போவது, எதற்கு மனைவி மட்டும் போவது என்று அப்போதே பேசிவிடுவோம். முந்தின நாள் ராத்திரி "நாளைக்கு மேட்ச் இருக்கு" என்று சொல்லும்போதுதான் வீட்டில் சண்டை வரும். ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்தால் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பையனை எப்போதாவது ஒரு ஞாயிறு போட்டிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அவனை விளையாட்டுக்காரன் ஆக்க வேண்டும் என்ற நினைப்பே வேண்டாம். என் மகளுக்கு ஓடுவதில் ஆசை கிடையாது, படம்தான் வரைவாள். போட்டி நாளில் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டு, ஹர்டில்ஸ் தாண்டும் பிள்ளைகளின் கால்களை மட்டும் பக்கம் பக்கமாக வரைவாள், தலையும் உடம்பும் இருக்காது, காலும் கட்டையும் மட்டும்தான். முன்னங்கால் இறங்கும்போது பின்னங்கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று என் மாணவர்களுக்குக் காட்ட நான் அந்த நோட்டைத்தான் வாங்கிப் போகிறேன்.

கே: நாங்கள் தறி ஓட்டிப் பிழைக்கிறோம். மகள் கல்லூரி முதல் வருடம், 800 மீட்டர் ஓடுகிறாள். மூன்று மாதமாக வீட்டுக்குத் தூரம் வரவில்லை. ஓட விட்டதால்தான் இப்படி, இனி பிள்ளை பிறக்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடட்டுமா?
– ஒரு தாய், அம்மாபேட்டை

அம்மா, முதலில் நாளைக்கே மகளை ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கே போகலாம். தைராய்டு மாதிரி வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் அதைக் கட்டாயம் காட்ட வேண்டும், தானாகச் சரியாகும் என்று விடக் கூடாது.

ஓடுகிற பெண்பிள்ளைகளுக்கு இது நிற்பதற்கு நான் அடிக்கடி பார்க்கிற காரணம் சாப்பாடு போதாததுதான். விடியற்காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருவாள், முடித்து அவசரமாகக் குளித்து வகுப்புக்கு ஓடுவாள், மதியம் டப்பாவில் கொஞ்சம் சாதம், சாயங்காலம் மறுபடி பயிற்சி. ஓட்டத்துக்குச் செலவான சக்தி திரும்ப உள்ளே வராதபோது, உடம்பு எதை நிறுத்தி வைக்கலாம் என்று பார்த்து இதை நிறுத்தி வைக்கிறது. இப்படியே விட்டால் எலும்பும் பலம் குறைந்து முழங்காலுக்குக் கீழே மெல்லிய கீறல் விழும், அதற்கு வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும். ஒல்லியானால் வேகமாக ஓடலாம் என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். சொன்னது அவள் பயிற்சியாளராகவே இருந்தாலும் அது தவறு.

காலையில் ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம். முடித்ததும் அரை மணிக்குள் வயிறாரச் சாப்பாடு, இட்லியோ கம்பங்கூழோ களியோ, கூடவே ஒரு முட்டை அல்லது ஒரு பிடி நிலக்கடலை. இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் சொல்வார்கள், சரிதான், ஆனால் சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, கீரையோடு எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காய் கடித்தோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வில், 2019-21ல், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. ஓடுகிற பிள்ளைக்கு அது இன்னும் கூடுதலாகத் தெரியும், கடைசி 200 மீட்டரில் மூச்சு வாங்கிக் கால் இழுக்கும்.

மருத்துவர் சொல்லும்வரை பயிற்சியைக் குறைத்துக்கொள்ளட்டும். ஓட்டத்தையே விட வேண்டியதில்லை. சாப்பாடு சரியானால் பெரும்பாலும் மாதவிலக்கும் திரும்பிவிடும். ஓடியதால் பிள்ளை பிறக்காது என்று சொல்பவர்களிடம், ஒலிம்பிக்கில் ஓடிய எத்தனையோ பெண்கள் தாயாகி, திரும்ப வந்தும் ஓடியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் வெட்கப்படாமல் இதை எழுதிக் கேட்டதற்கு நன்றி அம்மா. இதே கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டு மகளை வீட்டில் நிறுத்திவிட்ட தாய்மார்கள் நிறைய.

கே: தினமும் காலையில் கல்லூரி மைதானத்தில் வாக்கிங் போகிறோம். உள் லேனில் நடக்காதீர்கள் என்று உங்கள் மார்க்கர் துரத்துகிறார். நடப்பதால் என்ன கெட்டுவிடும்?
– ஓய்வுபெற்றவர், அஸ்தம்பட்டி

ஐயா, அவர் துரத்தினால் அது என் பேச்சைக் கேட்டுத்தான். எல்லோரும் முதல் லேனிலேயே நடந்தால் அந்த லேன் மட்டும் பள்ளமாகும், மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் நிற்கும், பந்தயம் முழுக்க ஓடுவதும் அந்த லேனில்தான். வெளி லேன்களில் நடங்கள், ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் தூரமும் கிடைக்கும். ஓடுகிறவர்கள் இடப்பக்கமாக வளைந்து வருவார்கள், நீங்களும் அதே திசையில் நடந்தால் மோதல் இருக்காது. வாருங்கள், தினமும் வாருங்கள். ஊர்க்காரர்கள் வந்து போகும் மைதானத்தை யாரும் சுலபத்தில் வளைத்துப் போட முடியாது.

கே: எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் சும்மா கிடக்கிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டோம். இளைஞர்கள் சேர்ந்து ஒரு ட்ராக் போட ஆசை. 400 மீட்டருக்கு இடம் இல்லை. எப்படி ஆரம்பிப்பது?
– ஒரு வாசகர், ஓமலூர் பக்கம்

தம்பி, 200 மீட்டர் ட்ராக் போடுங்கள். 95 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் இருந்தால் 6 லேனோடு அழகாக அமைந்துவிடும்.

நடுவில் 40 மீட்டருக்கு 37.80 மீட்டர் அளவில் ஒரு செவ்வகம், நான்கு மூலையிலும் முளைக்குச்சி. இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் 55 மீட்டர் 3 சென்டிமீட்டர் வர வேண்டும், இரண்டும் ஒன்றாக வந்தால்தான் செவ்வகம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இதில் அவசரப்படாதீர்கள், இங்கே கோணினால் கடைசிவரை கோணிக்கொண்டேதான் போகும். இப்போது 37.80 மீட்டர் பக்கத்தின் நடுப்புள்ளியில் குச்சி அடித்து, 18.90 மீட்டருக்குக் கம்பி பிடித்து அரைவட்டம் போடுங்கள், எதிர்ப்பக்கமும் அப்படியே. நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். கட்டுக்கம்பிதான் சரி. துணி டேப்பும் வேண்டாம், ஸ்டீல் டேப் யாரிடமாவது கடன் வாங்குங்கள்.

18.90ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 200 வரவில்லையே என்று கேட்பீர்கள். யாரும் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை, அதனால் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் தூரத்தை அளப்பது வழக்கம். 19.10 மீட்டர் ஆரத்தில் இரண்டு வளைவும் சேர்ந்து 120 மீட்டர், இரண்டு நேர்ப்பக்கமும் சேர்ந்து 80. ஒவ்வொரு லேனும் 1.22 மீட்டர், கோடு 5 சென்டிமீட்டர். 200 மீட்டர் பந்தயத்துக்கு முதல் லேனுக்கு அடுத்த ஒவ்வொரு லேனிலும், அதற்கு உள்பக்கத்து லேனைவிட 7.67 மீட்டர் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். பெரிய மைதானங்களில் இரண்டாவது லேனுக்கு மட்டும் 7.04 என்று பார்த்திருப்பீர்கள், அங்கே உள் ஓரத்தில் கட்டை வைத்து, கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பதால் அப்படி. உங்களுக்குக் கட்டை கிடையாது, எல்லாமே 7.67தான்.

மண் வேலைதான் நாள் பிடிக்கும். நம் பக்கத்துச் செம்மண் நல்லதுதான், ஆனால் சரளைக்கல் கிடக்கும், பொறுக்கி எடுத்தே ஆக வேண்டும். நெருஞ்சியை மஞ்சள் பூ பூக்கும்போதே, மழைக்கு அடுத்த நாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள், முள் காய்ந்து உதிர்ந்துவிட்டால் அடுத்த மழைக்கு அத்தனையும் முளைக்கும். சாயங்காலம் தண்ணீர் தெளித்து விடிந்ததும் ரோலர். தரை உள்பக்கமாக மிக லேசாகச் சரிந்திருக்கலாம், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கோடு போடச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். விழுந்து எழுந்திருக்கும் பிள்ளையின் கண்ணில் பட்டால் கண்ணையே பொசுக்கிவிடும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றிக் கோடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது மண்ணைக் கெடுக்கும், சிராய்ப்பில் பட்டால் புண் ஆறாது. கோலமாவு வாங்குங்கள், நம் ஊரில் மூட்டையாகவே கிடைக்கும். வேலை முடிந்ததும் எழுதுங்கள், நான் வந்து அளந்து பார்த்துச் சொல்கிறேன்.

கே: நான் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவன். மைதானத்தைப் பொருட்காட்சிக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் விளையாட்டுக்குச் செலவு செய்யலாமே என்று நிர்வாகம் யோசிக்கிறது. உங்கள் கருத்து?
– வாசகர், சூரமங்கலம்

வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மேடையில் உட்காருகிறவர்களுக்கு அடுத்த நாள் காலை கிரவுண்டு எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஒரு கல்லூரியில் இப்படி ஒரு நிகழ்ச்சி முடிந்தபின் சுத்தம் செய்ய நானும் போயிருந்தேன். பந்தல்கால் நட்ட குழிகளை மேலாக மண் தள்ளி மூடியிருந்தார்கள், கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கியது. லாரி ட்ராக்கின் வளைவில் ஏறித் திரும்பிய இடத்தில் சக்கரத்தடம் ஒரு சாண் ஆழம். அங்கே வேலை பார்த்த மார்க்கர், பழைய ஸ்பீக்கர்களில் இருந்து கழற்றிய காந்தங்களை ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகக் கட்டி, இரண்டு பக்கமும் கயிறு போட்டு, மாணவர்களை விட்டு ட்ராக் முழுக்க மெதுவாக இழுக்க வைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, குண்டூசி, பேனர் அடிக்கிற பின் என்று முள்ளம்பன்றி மாதிரி ஒட்டியிருக்கும். தரையைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. முதல் வருடம் சேருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஷூ வாங்க வசதி இல்லை, வெறுங்காலில்தான் ஓடுகிறார்கள்.

சாப்பாட்டு மிச்சத்துக்கு நாய் வரும், வந்த நாய் நீளம் தாண்டும் மணல் குழியைத்தான் படுக்கையாக்கும். அந்தக் குழியை நாங்கள் மம்பட்டி போட்டுக் கிளறி, கண்ணாடி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மணல் தாண்டும் பலகைக்குச் சமமாக நிற்கும்படி வழித்து, தார்ப்பாய் போட்டு மூடிவைக்கிறோம். மணல் இறுகிப்போயிருந்தால் தாண்டுகிற பிள்ளையின் முதுகெலும்பு வரைக்கும் அதிரும். ஒரு நிகழ்ச்சி போதும், அத்தனையும் போய்விடும்.

அப்படியும் விடத்தான் வேண்டும் என்று மேலே முடிவெடுத்தால், சில விஷயங்களை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். ட்ராக்குக்கு உள்ளேயும் மேலேயும் ஒரு பந்தல்கால்கூட விழக் கூடாது. வண்டிகள் கேட்டோடு நிற்க வேண்டும். குழி மூடி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, காந்தம் இழுத்து முடித்து மார்க்கர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முன்பணம் திரும்பப் போக வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்தைவிட மார்க்கர் கையெழுத்து இங்கே முக்கியம். ஆண்டு விழாவுக்குக் கோப்பையும் மேடையும் வாங்கப் பணம் இருக்கிறது, மார்க்கருக்கு நிரந்தரச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்று சொல்லும் கல்லூரிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கே: எங்கள் ஊர் நாகலூர் பக்கம். மலையில் ஓடிப் பழகினால் கீழே போட்டியில் சுலபமாக ஜெயிக்கலாம் என்கிறார்களே, நிஜமா?
– கல்லூரி மாணவர், ஏற்காடு

தம்பி, கொஞ்சம் நிஜம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் குறைவதால் ரத்தத்தில் சிவப்பணு பெருகும் என்பதற்காக உலக வீரர்கள் தேடிப் போவது பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலே, அதுவும் வாரக்கணக்கில் அங்கேயே தங்கி. ஆகவே உயரத்தால் உங்களுக்குக் கிடைப்பது அளவானதுதான். ஆனால் ஏற்றம் இருக்கிறதே, அது பெரிய சொத்து. ஏற்றத்தில் ஓடும்போது முட்டி தானாக மேலே வரும், பின்தொடை பலப்படும், குதிகால் அடி குறையும். குளிர்ச்சியில் அதிக நேரம் பயிற்சி செய்யவும் முடிகிறது, ஏப்ரல், மே மாதம் சேலத்தில் காலை எட்டு மணிக்கே நாங்கள் நிறுத்த வேண்டியிருக்கிறது.

வாரத்தில் இரண்டு நாள், 100 மீட்டர் நீளத்துக்குக் குறையாத ஒரு ஏற்றத்தில் வேகமாக ஏறி, நடந்து இறங்குங்கள். இறக்கத்தில் வேகமாக ஓடாதீர்கள், முழங்காலும் முன்தொடையும் அதில்தான் கெடும். இன்னொரு முக்கியமான விஷயம், 20 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்த மலைப்பாதையில் ஓடாதீர்கள். பனிமூட்டத்தில் வண்டிக்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், சனி, ஞாயிறில் சுற்றுலா வண்டி வேறு. எஸ்டேட்காரர்களிடம் சொல்லிவிட்டுக் காப்பித் தோட்டத்து மண்பாதையில் ஓடுங்கள்.

போட்டிக்குக் கீழே வரும்போது வெயில் உங்களை அடித்துப்போடும், அதைத்தான் மலைப் பிள்ளைகள் எதிர்பார்ப்பதில்லை. முடிந்தால் ஒரு வாரம் பத்து நாள் முன்பே இறங்கி, கீழே யார் வீட்டிலாவது தங்கிப் பழகுங்கள்.

கே: தம்பிக்குப் பிறவியிலேயே ஒரு கால் குட்டை. விளையாட்டுப் பீரியடில் அவனை மரத்தடியில் உட்காரவைத்துப் பை காக்கச் சொல்கிறார்கள். அவனோ நன்றாகத் தாண்டுகிறான். என்ன செய்யலாம்?
– வாசகி, தாரமங்கலம்

அவனை இனி பை காக்க விடாதீர்கள் அம்மா. உங்கள் மாவட்டத்துப் பிள்ளைதான் மாரியப்பன் தங்கவேலு, பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் போனது, அம்மா காய்கறி விற்று வளர்த்தார். 2016ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024ல் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். அவர் திறமையை முதலில் கவனித்துக் களத்தில் இறக்கிவிட்டது அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். பாரா தடகளத்தில் குறைபாட்டின் தன்மையைப் பார்த்துப் பிரிவு கொடுப்பார்கள், ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் டி என்ற எழுத்து, எறிதலுக்கு எஃப், பக்கத்தில் ஒரு எண். கால் நீள வித்தியாசத்துக்கும் அதில் இடம் உண்டு, எவ்வளவு வித்தியாசம் என்பதை அளந்து முடிவு செய்வார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். காந்தி ஸ்டேடியத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய் நேரில் கேளுங்கள். பள்ளியிலும் தலைமையாசிரியரைப் பார்த்து, தம்பிக்கு மற்ற பிள்ளைகளைப் போல மைதானத்தில் இடம் வேண்டும் என்று அமைதியாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்.

கே: வெளி மாநிலத்தில் "நேஷனல்" போட்டி, பணம் கட்டினால் சான்றிதழ் நிச்சயம் என்று ஒருவர் அழைக்கிறார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவுமா?
– மாணவர், சங்ககிரி

உதவாது. பணத்தைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்பதால்தான் இந்தக் கூட்டம் கிளம்பியிருக்கிறது. போட்டியை நடத்தும் சம்மேளனம் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைக்கு நேர்வழி, பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்துப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடுவது. மத்திய அரசு வேலைக்கு அதற்கென்று படிவம் 3 இருக்கிறது, பல்கலைக்கழகமே கையெழுத்துப் போட்டுத் தரும். கஷ்டமான வழிதான், ஆனால் சரிபார்ப்பின்போது யார் முன்னாலும் தலைகுனிய வேண்டியதில்லை.

கே: எல்லாப் பையன்களும் கிரிக்கெட்டுக்கே போகிறார்களே, தடகளக்காரரான உங்களுக்கு வருத்தம் இல்லையா?
– வாசகர், வாழப்பாடி

இல்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானபோது எங்கள் கல்லூரியிலும் வெடி வெடித்தார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். அதைவிட, அவர் தன் சொந்த ஊரிலேயே பிள்ளைகளுக்காக ஒரு மைதானம் அமைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உங்கள் வாழப்பாடியிலும் 2020ல் நல்ல கிரிக்கெட் மைதானம் வந்துவிட்டது. வேகப்பந்து போட ஆசைப்படும் பையன்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன், வாரத்தில் இரண்டு நாள் என் ட்ராக்கில் ஓடு. ஓட்டம் சீராக இல்லாதவனுக்குப் பந்தும் சீராக வராது, முதுகும் தாங்காது.

கே: மழை பெய்தால் எங்கள் கல்லூரி கிரவுண்டு ஒரு வாரத்துக்குச் சேறு. சீக்கிரம் காயவைக்க என்ன வழி?
– விளையாட்டுச் செயலாளர், கொண்டலாம்பட்டி

தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளாதீர்கள், மேல்மண்ணும் சேர்ந்து போய்விடும். ஸ்பாஞ்சிலோ கோணிப்பையிலோ ஒற்றி எடுத்து வாளியில் பிழியுங்கள். நேரம் ஆகும், ஆனால் அதுதான் சரி. அதன்பின் மெலிதாக மணல் தூவலாம். ஈரத்தில் யாரையும் ஃபுட்பால் ஆட விடாதீர்கள். பைக்கும் கண்டிப்பாகக் கூடாது. ரோலர் எப்போது என்பதற்கு ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்துப் பாருங்கள், உருண்டை உதிராமல் நின்று, கையிலும் மண் ஒட்டாமல் இருந்தால் அதுதான் நேரம். கையில் ஒட்டினால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். ஒட்டுகிற மண்ணில் ரோலரை ஏற்றினால் மண் உருளையோடு பெயர்ந்து வந்து மேடும் பள்ளமுமாகிவிடும்.

நிரந்தர வழி வடிகால்தான். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, மைதானத்தின் தாழ்ந்த பக்கம் எது என்று பார்த்து ஒரு அடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, அடியில் ஜல்லியும் மேலே மணலும் போட்டு நிரப்பி, தண்ணீர் வெளியே போகும் வாயை இலை, பிளாஸ்டிக் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த பக்கம் எது என்பதை அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தால் தெரிந்துவிடும், தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறதோ அங்கே உடனே ஒரு குச்சி நட்டுவிடுங்கள்.